சிறு செயலிக்குச் சிறு துணை
(நம் சங்க ஆண்டு விழாவில் நூல்நிலையக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசையும் கூத்தும் நிகழ்வது வழக்கம். நூல்நிலையக் குழுவினராகிய நாங்கள் இவ்வாண்டு கணிப்பொறி நிரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "தமிழ்ச் சங்கத்திற்கும் இதற்கும் என்ன பொருத்தம்?" என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பொருத்தம் உண்டு. இந்த உருக்கு நகரத்தில் வாழும் நம்மவர் தமிழ் நூலைத் தேடி வரும் ஒரே இடம் நம் நூல்நிலையம். அதன் வாசலில் நாங்கள் ஒரு சிறு கருவியை வைத்தோம். அக்கருவி ஒரு பெரியவரின் மனத்தைப் புண்படுத்தியது. அஃது எவ்வாறு நேர்ந்தது, அதனால் நாங்கள் கற்றது என்ன என்பவற்றை ஒளிக்காமல் சொல்லுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் நூல்நிலையத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் உள்ளன. அவற்றின் அட்டவணை நெடுங்காலம் மூன்று பேரேடுகளில் இருந்தது. வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் நூலின் பெயரைத் தட்டினால், அந்நூல் அலமாரியில் இருக்கிறதா, எவரிடமேனும் போயிருக்கிறதா என்று தெரியவேண்டும் என எண்ணினோம். அதற்கெனத் தனியே எதையும் கைப்பேசியில் இறக்க வேண்டாம். உலாவியில் முகவரியைத் திறந்தால் போதும். இத்தகைய சிறு செயலிகள் இன்று எத்தனையோ சங்கங்களிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் எழுதப்படுகின்றன.

இதன் இயக்கம் எளிது. நூல்நிலையத்தில் ஒரு துண்டுச் சீட்டில் நூலின் பெயரை எழுதி ஒரு பையனிடம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவன் உள்ளே சென்று விடை கொண்டுவருகிறான். உலாவியே வாசகர்; சர்வர் எனப்படும் வழங்கியே உள்ளிருக்கும் நூலகர்; கேள்விக்கு விடை தரும் அவ்வேற்பாடே வலைச்சேவை. சீட்டை எடுத்துச் செல்லும் பையனின் வேலையைச் செய்யப் பிறர் எழுதி வைத்திருக்கும் நிரல்களுக்கு ஆங்கிலத்தில் லைப்ரரி என்றே பெயர். நூல்நிலையத்தோடு அது மயங்காதிருக்க, இவ்வுரையில் அதனை நிரல் தொகுதி என்போம். எந்தப் பையனை அமர்த்துவது என்பதே நம் கேள்வி.

முதல் முயற்சி

முதற் செயலியை எழுதியவர் ஆர்வம் மிக்க இளைஞர். தம் அலுவலகத்தில் பழகிய துணைகளையெல்லாம் இங்கும் கொணர்ந்தார். வழங்கியிடம் கேட்பதற்கு ஒரு தொகுதி, தேதியை அழகாக எழுத ஒரு தொகுதி, பட்டியலை வரைய ஒரு தொகுதி, அவற்றை இணைக்க மற்றொன்று. அவர்மீது குறை கூறுவதற்கில்லை. நாங்களும் அருகிருந்து பாராட்டியவர்களே.

பின்னர் அளந்து பார்த்தோம். ஒரு தேடலுக்கு இருபது நூல்கள் விடையாக வந்தால், அந்த விடையின் எடை ஏறத்தாழ 9 கிலோபைட்டு. அதைக் கேட்டு வாங்குவதற்காக வாசகரின் கைப்பேசியில் முதலில் இறங்கிய நிரலின் எடையோ, சுருக்கி அழுத்திய பின்னும், 400 கிலோபைட்டுக்கு மேல். ஓர் இரவு தங்க ஊருக்குச் செல்பவர் நான்கு டிரங்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இரயிலேறிய கதையாயிற்று. விடுமுறைதோறும் இரண்டு நாள் இரயிலில் போய்வரும் நமக்குச் சுமையின் அருமை தெரியாதா? புதிய கைப்பேசி உடையவர்க்கு இந்தச் சுமை தெரியவில்லை. பேரனின் பழைய கைப்பேசியை வைத்திருக்கும் பாட்டிக்கோ, வெண்திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததை மறந்தோம்.

துணைகள் வந்த வரலாறு

இத்துணைகள் வீணுக்குப் பிறந்தவையல்ல. அவை பிறந்த காலத்தில் அவற்றுக்குத் தேவை இருந்தது.

பக்கம் முழுவதையும் மீண்டும் இறக்காமல் வழங்கியிடம் ஒரு செய்தியை மட்டும் கேட்டுவாங்கும் வசதி, 1999இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியோடு வந்தது. எக்ஸ்எம்எல் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் என்னும் நீண்ட பெயருடைய கருவி அது. இம்முறைக்கு ஏஜாக்ஸ் என்னும் பெயரை 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் சூட்டினார். அந்நாளில் ஓர் உலாவி ஒருவிதமாக நடக்கும். மற்றோர் உலாவி வேறுவிதமாக நடக்கும். ஒரே வேலைக்கு நிரலர் இருமுறை எழுத வேண்டியிருந்தது. அந்த வேற்றுமைகளைத் தனக்குள் மறைத்து, எல்லா உலாவிக்கும் ஒரே சொல்லைத் தந்தது 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி. உலகம் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

வழங்கியோடு பேசும் மொழியும் அந்நாளில் கனமாக இருந்தது. சோப் என்னும் முறையில் ஒரு சிறு கேள்வியையும் எக்ஸ்எம்எல் உறைக்குள் உறையிட்டு அனுப்ப வேண்டும். அவ்வுறைகளைக் கட்டவும் பிரிக்கவும் ஒரு தொகுதி இன்றியமையாததாயிற்று. 2000இல் ராய் ஃபீல்டிங் தம் ஆய்வேட்டில் ரெஸ்ட் என்னும் எளிய அமைப்பு முறையை விளக்கினார். டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய ஜேசன் என்னும் எழுத்து முறையை உலாவி தானே படிக்கவல்லது. இவ்விரண்டும் பரவியபின் உறை பிரிக்கும் வேலை ஒழிந்தது.

அடுத்து ஃபெட்ச் என்னும் கருவி உலாவிக்குள்ளேயே வந்து சேர்ந்தது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 2015இலும், சஃபாரியில் 2017இலும் அது இடம்பெற்றது. அதனை ஒருபோதும் ஏற்காத இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கடைசிப் பதிப்புக்கான ஆதரவும் பெரும்பாலான விண்டோஸ் கணிப்பொறிகளில் 2022 ஜூனில் முடிவுற்றது. சீட்டு கொண்டுசெல்லும் பையன் இன்று ஒவ்வொரு வாசகரின் கைப்பேசியிலும் முன்னரே அமர்ந்திருக்கிறான். அவனுக்குக் கூலியும் இல்லை. வண்டிச் சத்தமும் இல்லை.

ஜேகுவெரியின் 3.7ஆம் பதிப்பு, சுருக்கிய வடிவில் ஏறத்தாழ 87 கிலோபைட்டு; அழுத்தி அனுப்பினால் 30. ஒரு கேள்வி கேட்பதற்காக மட்டும் இதனைச் சேர்ப்பது இன்று பொருந்தாது. அதன் மெலிந்த பதிப்பை எடுத்துக்கொண்டால் எடை குறையும். ஆனால் 3ஆம் வரிசையின் மெலிந்த பதிப்பில் ஏஜாக்ஸ் பகுதியே இராது! எதற்காக வாங்குகிறோமோ அதையே நீக்கிவிட்டு வாங்குவதில் பயனில்லை அன்றோ?

பெரியவரின் கேள்வி

இவற்றையெல்லாம் உணர்ந்து துணைகள் அனைத்தையும் அகற்றினோம். வெறும் ஃபெட்ச்சைக் கொண்டு செயலியை மீண்டும் எழுதினோம். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. பெருமையோடு அறிவித்தோம். அப்பெருமை மூன்று வாரம் நிலைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் நூல்நிலையத்திற்கு வந்தார். சிறிய வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோது தம் நூல்கள் முந்நூற்றையும் சங்கத்திற்கே கொடுத்தவர் அவர். ஒவ்வொரு விடுமுறையிலும் ஊரிலிருந்து நாலைந்தாக இரயிலில் சுமந்துவந்து சேர்த்த நூல்கள் அவை. நாற்காலியில் அமர்ந்தவர், சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் புத்தகங்களை என்ன செய்தீர்கள், தம்பி? எடைக்குப் போட்டுவிட்டீர்களா?" என்று மெல்லக் கேட்டார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைப்பேசியை நீட்டினார். மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' நாவலைத் தேடியிருக்கிறார். "இந்நூல் நம்மிடம் இல்லை" என்று நம் செயலி விடை கூறியிருந்தது. வேறு பத்து நூல்களைத் தேடியிருக்கிறார். பத்துக்கும் அதே விடை. இரண்டு நாள் அவர் உறங்கவில்லை என்பதைப் பின்னர் அவர் துணைவியார் சொல்லி அறிந்தோம். நூல்களோ, அவர் அமர்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் இரண்டாம் அலமாரியில் இருந்தன.

நிகழ்ந்தது இதுதான். அந்த இரண்டு நாளும் வழங்கியில் அட்டவணை பழுதுற்றிருந்தது. ஆகவே வழங்கி 500 என்னும் பிழைக்குறியோடு விடை அனுப்பியது. வழங்கி பிழை கூறினாலும், விடை என்று ஒன்று வந்துவிட்டால் ஃபெட்ச் அதனை வெற்றியென்றே கொள்ளும். 404 ஆனாலும் 500 ஆனாலும் அது தானாகக் கூக்குரல் இடாது. இணைப்பே அறுந்தால்தான் தோல்வி என்று சொல்லும். விடையின் 'ஓக்கே' என்னும் குறியை நாம் பார்த்து, அது பொய்யாயின் பிழையென உணர வேண்டும். நாங்கள் அதனைப் பார்க்கவில்லை. விடையில் நூற்பட்டியல் இல்லை. பட்டியல் இல்லையெனில் நூலும் இல்லை என்று நிரல் முடிவு கட்டிவிட்டது. 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இல்லை' என்று சொன்னோம். இரண்டுக்கும் எவ்வளவு தொலைவு!

ஆக்சியோஸ் போன்ற தொகுதியை வைத்திருந்தால் அது 500ஐக் கண்டவுடன் பிழையென நிறுத்தியிருக்கும். சுமையைக் குறைத்த அவசரத்தில், அச்சுமைக்குள் இருந்த காவலையும் வீசிவிட்டோம். இலேசான துணை என்பது எடை குறைந்த துணை மட்டுமன்று. அது செய்யாத வேலைகளை நாம் அறிந்து ஏற்றுக்கொள்ளும் துணை.

முப்பது வரி

மூன்றாம் முறை எழுதியபோது ஃபெட்ச்சைச் சுற்றி முப்பது வரியில் ஒரு சிற்றுறை அமைத்தோம். அது செய்யும் வேலைகள் நான்கு.

முதலாவது, விடையின் குறியைப் பார்த்து, பிழையாயின் "அட்டவணையை இப்போது பார்க்க இயலவில்லை, சற்றுப் பொறுத்து முயலுங்கள்" என்று தமிழில் கூறும்.

இரண்டாவது, காலவரை. ஃபெட்ச் தனக்கென ஒரு காலவரையை வைத்துக்கொள்வதில்லை. நம் கட்டளை இல்லாவிடில் உலாவி கைவிடும்வரை காத்துக் கிடக்கும். கேள்வியை இடையில் நிறுத்தும் அபார்ட் கன்ட்ரோலர் என்னும் கருவி 2019க்குள் முன்னணி உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்டது. அதைக்கொண்டு 10 விநாடி எல்லை வகுத்தோம்.

மூன்றாவது, முந்திய கேள்வியை நிறுத்துதல். வாசகர் 'அகல்' என்று தட்டும்போது ஒரு கேள்வி போகிறது. 'அகல் விளக்கு' என்று முடித்தவுடன் மற்றொன்று போகிறது. முதற் கேள்வியின் விடை பிந்தி வந்து, சரியான விடையை அழித்துவிடக் கூடும். ஆகவே புதிய கேள்வி எழுந்தவுடன் பழையதை நிறுத்திவிடுகிறோம்.

நான்காவது, மறுமுயற்சி. நூல் உண்டா என்று கேட்பது தோற்றால் ஒருமுறை மீண்டும் கேட்கலாம், தீங்கில்லை. நூலை எனக்கென ஒதுக்கிவை என்பதை அவ்வாறு திரும்ப அனுப்பினால் ஒரே நூல் இருமுறை பதிவாகும். எனவே கேட்பதை மட்டும் திரும்பச் செய்கிறோம்.

தமிழ் எழுத்தின் எடை

தமிழில் செயலி எழுதுவோர் கருதவேண்டியவை வேறு இரண்டு உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. புள்ளியும் உயிர்மெய்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். 'அகல் விளக்கு' என்பதில் தமிழ்க் குறியீடுகள் 11, இடைவெளி ஒன்று. ஆக 34 பைட்டு. இதனை வலை முகவரியில் வைத்து அனுப்பும்போது பைட்டு ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும்; மொத்தம் 102 எழுத்து. கண்டு அஞ்ச வேண்டா. இவ்வாறு மாற்றும் கருவி உலாவியிலேயே இருக்கிறது. அதற்கென ஒரு தொகுதி வேண்டுவதில்லை. வழங்கியில் அழுத்தி அனுப்பும் வசதியைத் திறந்துவிட்டால் விடையின் எடையும் பெரிதும் குறையும். தமிழ்க் குறியீட்டின் முதற் பைட்டு என்றும் ஒன்றே; இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்றே. திரும்பத் திரும்ப வருவது நன்கு அழுந்தும்.

மற்றொன்று: 'பொன்னி' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணிப்பொறிக்கு வேறு. ஒருவர் தட்டியது ஒருவிதம், அட்டவணையில் உள்ளது மற்றொருவிதமாயின் நூல் அகப்படாது. இதனை ஒருமைப்படுத்தும் 'நார்மலைஸ்' என்னும் கருவி 2015 முதல் மொழியின் தரத்திலேயே உள்ளது. அட்டவணையிலும் கேள்வியிலும் அதனை ஒருசேரக் கையாண்டால் போதும்.

தேர்ந்தெடுக்கும் முறை

எங்கள் பட்டறிவிலிருந்து இளைஞர்கட்குச் சில சொற்கள்.

முதலில், வலைச்சேவை வேண்டுமா என்று கேளுங்கள். நம் சங்கத்தின் ஆண்டு நிகழ்ச்சிப் பட்டியலுக்கு வலைச்சேவை வேண்டியதில்லை. ஒரு ஜேசன் கோப்பு போதும். அடுத்து, வேண்டிய வேலை உலாவியிலேயே உள்ளதா என்று பாருங்கள். அங்கு இல்லையெனில், முப்பது வரியில் நாமே எழுதி நாமே சோதிக்க முடியுமா என்று எண்ணுங்கள். முடியாதபோது தொகுதியை நாடுங்கள், அது இழிவன்று.

ஃபெட்ச்சின் மேலேயே கட்டப்பட்ட கை என்னும் தொகுதி, பிழைக்குறியைக் கண்டு நிறுத்துதல், காலவரை, மறுமுயற்சி ஆகியவற்றைத் தருகிறது. பிற தொகுதி எதனையும் சாராதது. ஆக்சியோஸ் பழக்கத்தை விட மனமில்லாதவர்க்கு, அதே நடையில் ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கும் ரெடாக்சியோஸ் உண்டு. பெரிய கோப்பை ஏற்றும்போது எவ்வளவு ஏறிற்று என்று காட்ட வேண்டின், ஆக்சியோஸே எளிது. அச்செயலுக்கு அதன் எடை தகும். எதிரில் உள்ள அலுவலகம் சோப் முறையில் மட்டுமே பேசுமாயின், அந்த உறை பிரிக்கும் வேலையை நம் வழங்கியில் செய்துவிட்டு, வாசகரின் கைப்பேசிக்கு எளிய ஜேசனை அனுப்புங்கள். சுமையைத் தாங்கவல்லவர் சுமக்கட்டும்.

ஒன்றை மட்டும் எந்தத் தொகுதியிடமும் எதிர்பாராதீர்கள். வேறொரு தளத்தின் விடையை நம் பக்கம் படிக்கலாமா என்பதை அத்தளத்தின் வழங்கியே முடிவு செய்கிறது. கோர்ஸ் எனப்படும் அந்த விதியை உலாவி காக்கிறது. அது தடுத்தால், தொகுதியை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. வழங்கியில்தான் இசைவு தரவேண்டும்.

இடமாற்றம்

இறுதியாக ஒன்று. தொகுதியைச் சேர்ப்பது ஒரு கோப்பைச் சேர்ப்பது மட்டுமன்று. முன்பின் அறியாத ஒருவரோடு உறவு கொள்வது. 2016 மார்ச்சில், ஒரு சொல்லின் இடப்புறத்தை நிரப்பும் லெஃப்ட்-பேட் என்னும் பதினொரு வரித் தொகுதி பொதுக் களஞ்சியத்திலிருந்து திடீரென நீக்கப்பட்டது. அதனைச் சார்ந்து நின்ற பெரிய நிரல்கள் பலவும் உலகெங்கும் கட்ட முடியாமல் நின்றன. மறு ஆண்டே அவ்வேலைக்கான கருவி மொழியின் தரத்தில் இடம்பெற்றது! 2024 ஜூனில், பழைய உலாவிகட்கு உதவும் நிரலை வழங்கிவந்த ஓர் இணைய முகவரி, கைமாறிய பின் தீய நிரலைக் கலந்து அனுப்பியது தெரியவந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதனை நம்பியிருந்தன. ஆகவே தொகுதியைச் சேர்க்க நேரின், அதன் படியை நம் வழங்கியிலேயே வைத்துக்கொள்வதும், எந்தப் பதிப்பு என்று குறித்துவைப்பதும் நலம்.

நம் நிலையையும் எண்ணுங்கள். நாம் இடமாற்றத்தால் வந்தவர்கள், இடமாற்றத்தால் போகிறவர்கள். முதற் செயலியை எழுதிய இளைஞர் எட்டே மாதத்தில் மாற்றலாகித் தென்கோடிக்குச் சென்றார். அவர் விட்டுச்சென்ற நான்கு தொகுதிகளின் போக்கு இங்கிருந்த ஒருவர்க்கும் புரியவில்லை. முப்பது வரியை, நாளை வரும் கல்லூரி மாணவர் ஒரு மாலையில் படித்துப் புரிந்துகொள்வார். சங்கத்தின் பேரேட்டை அடுத்த செயலாளர் படிக்கத்தக்க கையெழுத்தில் எழுதுகிறோம் அல்லவா? நிரலும் அத்தகைய பேரேடே.

அந்தப் பெரியவரிடம் நாங்கள் மன்னிப்பு வேண்டினோம். அவரை இரண்டாம் அலமாரிக்கு அழைத்துச் சென்று அவர் நூல்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். 'அகல் விளக்கை' அன்று அவரே இரவல் பெற்றுச் சென்றார். மறுவாரம் திருப்பிக் கொடுக்கும்போது, "இனி அது பொய் சொல்லாதே?" என்று கேட்டார். "தெரியாததைத் தெரியாது என்று சொல்லும், ஐயா" என்றோம். "அது போதும்" என்றார்.

இங்குள்ள இளைஞர்களே! ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நூல்நிலையம் திறந்திருக்கிறது. முப்பது வரியை அச்சிட்டு மேசைமேல் வைத்திருக்கிறோம். வந்து படியுங்கள், குறை காணுங்கள், இன்னும் சுருக்குங்கள். அடுத்து மாற்றலாகிப் போகப்போகிறவர் எங்களில் எவரென்று எங்களுக்கே தெரியாது.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!